யுவியைட்டிஸ் என்று முதன்முறை சொல்லப்பட்டவர்களுக்கு: முதல் மூன்று மாதங்களைக் கடப்பது எப்படி?

கண் சிவந்திருக்கிறது, வெளிச்சம் பட்டால் கூசுகிறது, உள்ளே இழுத்துப் பிடித்தாற்போல் வலிக்கிறது என்று மருத்துவரிடம் போகிறவர்களில் பலர், அங்கே சொல்லப்படும் யுவியைட்டிஸ் என்ற பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்கிறார்கள். கண்புரை தெரியும், சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதிக்கும் என்பது தெரியும், மெட்ராஸ் ஐ தெரியாதவர் எவருமில்லை. இந்தப் பெயர் மட்டும் அக்கம்பக்கத்தில் பேசிக் கேட்டிராத ஒன்று. அப்படிக் கேட்டுவிட்டு, மூன்று நான்கு மருந்துப் புட்டிகளோடும் நீளமான பரிசோதனைச் சீட்டோடும் வீடு திரும்பியவருக்காகவே இந்த வழிகாட்டி. மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று ஆகாது. அவர் சொல்வதைப் புரிந்துகொண்டு கடைப்பிடிக்க உதவும், அவ்வளவுதான்.

முதலில், வந்திருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விழியின் வெள்ளையான வெளிச்சுவருக்கும் உட்புறத்து விழித்திரைக்கும் இடையில் இரத்தநாளங்கள் நிறைந்த நடுப்படலம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் யுவியா. பாப்பாவைச் சுற்றி நிறத்தோடு தெரியும் ஐரிஸ் அதன் முன்பகுதி. விழித்திரைக்கு இரத்தம் கொடுக்கும் கோராய்டு அதன் பின்பகுதி. இந்தப் படலத்தில் ஏற்படும் அழற்சியே யுவியைட்டிஸ். 2005-ல் வெளியான சர்வதேச வகைப்பாட்டின்படி, அழற்சி முதன்மையாக எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கொண்டு முன்புற, இடைநிலை, பின்புற, முழுவிழி யுவியைட்டிஸ் என நான்காகப் பிரிக்கிறார்கள். உங்களுடையது இவற்றில் எது என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்புற வகைதான் மற்றவற்றைவிட அதிகம் காணப்படுவது, அது பெரும்பாலும் சொட்டு மருந்துக்கே அடங்கும். பின்புறத்துக்குச் சொட்டு மருந்து போதிய அளவு போய்ச் சேராது என்பதால், அங்கே மாத்திரையோ ஊசியோ தேவைப்படும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு வாரத்தில் சரியானது உங்களுக்கு ஏன் ஆகவில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

மெட்ராஸ் ஐயோடு இதைக் குழப்பிக்கொள்வது சாதாரணமாக நடப்பதுதான். மெட்ராஸ் ஐயில் உறுத்தலும் நீர்வடிதலும் அதிகம், காலையில் பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கொள்ளும், பார்வை பெரும்பாலும் குறையாது. முன்புற யுவியைட்டிஸில் பீளை இருக்காது, சிவப்பு கருவிழியைச் சுற்றி வளையம் போட்டாற்போல் அடர்ந்திருக்கும், கூச்சமும் ஆழமான வலியும் இருக்கும், பார்வை மங்கும். இது ஒட்டுவாரொட்டி அல்ல. குழந்தையைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், வீட்டில் யாரும் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை.

சிவப்பே இல்லாத யுவியைட்டிஸும் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இடைநிலை, பின்புற வகைகளில் கண் வெளியிலிருந்து பார்க்க வெள்ளையாகவே இருக்கும். கண்முன் கொசு பறப்பதுபோன்ற புள்ளிகளும் மங்கலும் மட்டுமே அறிகுறி. மூட்டுவாதம் உள்ள சிறு குழந்தைகளிடம் முன்புற அழற்சிகூட வலியோ சிவப்போ இல்லாமல் உள்ளுக்குள் நடந்துகொண்டிருக்கும். அதனால்தான் அக்குழந்தைகளைப் புகார் ஏதும் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் கண் பரிசோதனைக்கு அழைத்துவரச் சொல்கிறார்கள்.

அன்று மாலையே செய்ய வேண்டியது: சொட்டு மருந்தை ஒழுங்குபடுத்துவது

பெரும்பாலோருக்கு இரண்டு வகைச் சொட்டு மருந்துகள் எழுதித் தரப்பட்டிருக்கும். ஒன்று ஸ்டீராய்டு, பெரும்பாலும் 1 சதவீத பிரெட்னிசோலோன் அசிடேட். இன்னொன்று பாப்பாவை விரியச் செய்யும் மருந்து. ஹோமட்ரோபின், சைக்ளோபென்டோலேட், அட்ரோபின் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும்.

பிரெட்னிசோலோன் அசிடேட் நீரில் கரைந்த மருந்தன்று, மிதக்கும் துகள்களாக இருப்பது. அசையாமல் வைத்திருந்தால் மருந்து வெள்ளைப் படிவாகப் புட்டியின் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் விட்டால் மேலே நிற்கும் நீர்தான் கண்ணில் விழும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிய பின்பே விட வேண்டும். இந்தச் சிறிய விஷயம் மருந்துச் சீட்டில் எழுதப்படுவதில்லை, ஆனால் மருந்து வேலை செய்வதும் செய்யாததும் பல சமயம் இதில்தான் இருக்கிறது.

கையைக் கழுவி, தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை இழுத்து உண்டாகும் குழியில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். புட்டியின் முனை இமையிலோ ரோமத்திலோ படக் கூடாது. பின்பு கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால், மருந்து தொண்டைக்குள் இறங்கி வீணாகாமல் கண்ணிலேயே தங்கும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள், இல்லையேல் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். திறந்த நாளைப் புட்டியின் மேல் பேனாவால் எழுதி வைத்து, ஒரு மாதம் ஆனதும் மிச்சம் இருந்தாலும் எறிந்துவிடுங்கள்.

ஸ்டீராய்டு சொட்டை முதல் சில நாட்களுக்கு மணிக்கொரு முறை விடச் சொல்லியிருந்தால் அது அச்சுப் பிழையன்று. அழற்சி கடுமையாக இருக்கும்போது அப்படித்தான் தொடங்குவார்கள். அலுவலகத்தில் இருப்பவர்கள் கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்வதும், வயதானவர்களுக்கு வீட்டில் ஒருவர் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு முறையும் குறி வைப்பதும் நல்ல வழிகள்.

பாப்பாவை விரிக்கும் மருந்தைத்தான் பலரும் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள், ஏனென்றால் அது தொல்லை தருகிறது: செய்தித்தாள் எழுத்து கலங்குகிறது, கைபேசியைப் படிக்க முடியவில்லை, வெயிலில் நடக்க முடியவில்லை, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாக இருப்பதைப் பார்த்து எதிரில் இருப்பவர் கேள்வி கேட்கிறார். ஆனால் அந்த மருந்து எதற்கு என்று தெரிந்தால் நிறுத்த மனம் வராது. அழற்சி இருக்கும்போது ஐரிஸ் ஒட்டும் தன்மை பெற்று, பின்னாலிருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆங்காங்கே ஒட்டிய கண்ணில் பாப்பா வட்டமாக இல்லாமல் பூ இதழ்போல் கோணலாகத் தெரியும். சுற்றிலும் முழுதாக ஒட்டிவிட்டால் கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறிவிடும். பாப்பாவை விரித்து வைத்தால் இந்த ஒட்டல் தடுக்கப்படுகிறது, வலியும் குறைகிறது. அட்ரோபின் விட்டவர்களுக்கு நிறுத்திய பின்னும் ஒரு வாரத்துக்கு மேல்கூட பாப்பா விரிந்தே இருக்கலாம். அந்த நாட்களில் இருசக்கர வாகனம் ஓட்டாதீர்கள். வெளியே போகக் கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். கான்டாக்ட் லென்ஸை எடுத்து வைத்துவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்லும் தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு எதையும் கண்ணில் விட வேண்டாம். அழற்சி கண்ணுக்கு உள்ளே இருக்கிறது, மேலே விடும் அவை அங்கே போவதில்லை. கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாய்ப்பு மட்டும் உண்டு. பெரியவர்களின் மனம் நோகாமல் மறுப்பது எப்படி என்பது வேறு கலை.

பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மிரள வேண்டாம்

கண்ணுக்கு வைத்தியம் பார்க்கப் போனால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள், கையில் ஊசி போட்டு மூன்று நாள் கழித்து வரச் சொல்கிறார்கள், முதுகு வலிக்கிறதா என்று கேட்கிறார்கள். கண் மருத்துவர் பணம் பிடுங்குகிறாரோ என்ற ஐயம் இங்கேதான் எழுகிறது. யுவியைட்டிஸ் பல சமயம் உடலில் வேறெங்கோ இருக்கும் நோயின் கண் முகமாக இருக்கலாம் என்பதே அந்தச் சீட்டின் பொருள்.

காரணங்கள் பெரிதாக இரண்டு வகை. ஒன்று தொற்று: காசநோய், ஹெர்பீஸ் வைரஸ்கள், டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி, சிபிலிஸ், எலிக்காய்ச்சல். மற்றொன்று, உடலின் எதிர்ப்பாற்றல் தன் திசுக்களையே தாக்குவது: முதுகெலும்பை இறுக்கும் அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், நுரையீரல் முதலியவற்றில் சிறு கட்டிகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ், வாயிலும் பிறப்புறுப்பிலும் புண் வரவைக்கும் பேசெட் நோய், காதையும் தோலையும் சேர்த்துப் பாதிக்கும் வோக்ட் கோயனாகி ஹரடா நோய் போன்றவை. எவ்வளவு தேடினாலும் காரணம் பிடிபடாதவர்களும் நிறைய இருக்கிறார்கள். பரிசோதனைகள் அனைத்தும் இயல்பாக வந்தால் அது தோல்வியன்று. மோசமான சில நோய்கள் இல்லை என்று தெரிந்துகொண்டதே பயன்தான்.

ஊரும் தொழிலும் இதில் பேசும். 1993-ல் மதுரை வட்டாரத்தில் பெருமழைக்குப் பின் எலிக்காய்ச்சலைத் தொடர்ந்து பலருக்குக் கண் அழற்சி வந்ததை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் கண்டறிந்து பதிவு செய்தார்கள். தென் தமிழ்நாட்டில் குளத்தில் குளிக்கும் சிறுவர்களின் கண்ணில் ஒட்டுண்ணிப் புழுவால் ஏற்படும் கட்டிகளையும் அவர்கள் விவரித்திருக்கிறார்கள். ஆகவே வயலில் வெறுங்காலோடு இறங்குவது, மாடு வளர்ப்பது, தேங்கிய மழைநீரில் நடந்தது, குளத்துக் குளியல், பூனை வளர்ப்பது, வீட்டில் காசநோய் இருந்தவர் என்று மருத்துவர் கேட்பதெல்லாம் வெட்டிப் பேச்சு அல்ல. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை சில: காலையில் எழும்போது இறுகி, நடமாடினால் தளரும் கீழ்முதுகு வலி, அடிக்கடி வரும் வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், நீண்ட நாள் இருமல், எடை குறைவு, கண் கெடுவதற்குச் சில நாள் முன் வந்த கடும் தலைவலியும் காது இரைச்சலும், தோலில் திடீரென்று தோன்றிய வெள்ளைத் திட்டு. பிறப்புறுப்புப் புண்ணையும் பழைய பாலியல் தொற்றையும் வெட்கப்பட்டு மறைப்பவர்கள் சிகிச்சையைத் தாமே தவறான பாதையில் அனுப்புகிறார்கள். குடும்பத்தார் உடன் இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டுவிடலாம்.

மாண்டூ ஊசியோ குவான்டிஃபெரான் இரத்தப் பரிசோதனையோ பாசிட்டிவ் என்று வந்தால் உடனே காசநோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் நாட்டில் கிருமி உடலுக்குள் வந்து உறங்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். கண்ணில் இருக்கும் அழற்சிக்கு அதுதான் காரணமா என்பதை விழித்திரையின் தோற்றம், நெஞ்சு ஸ்கேன் ஆகியவற்றோடு சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார். காசநோய் மருந்து தொடங்கினால் அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகக் கிடைக்கும். அம்மருந்துகளில் ஒன்றான எத்தாம்புட்டால் அரிதாகப் பார்வை நரம்பைத் தாக்கும் என்பதால், சிவப்பும் பச்சையும் வெளிறித் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். அதேபோல் எச்எல்ஏ பி27 பாசிட்டிவ் என்பது ஒரு மரபுக் குறியீடு மட்டுமே. அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எந்த நோயும் வருவதில்லை. முதுகு வலியும் சேர்ந்திருந்தால் வாதநோய் மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள்.

விழித்திரையைப் பார்க்க ஓசிடி ஸ்கேனும், கை நரம்பில் சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராமும் செய்யலாம். ஓசிடி வலியில்லாதது. சாயம் செலுத்திய பின் சில மணி நேரம் தோலும், ஒருநாள் வரை சிறுநீரும் அடர்மஞ்சளாக இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் முன்பு எந்த மருந்துக்காவது ஒவ்வாமை வந்திருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை எழுதினால்

ஸ்டீராய்டு மாத்திரை, பெரும்பாலும் பிரெட்னிசோலோன், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற கணக்கில் தொடங்குவது வழக்கம். 60 கிலோ உள்ளவர் நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் வரை விழுங்க வேண்டியிருக்கும் என்றால், எண்ணிக்கையைப் பார்த்தே தலை சுற்றும். காலை உணவுக்குப் பின் முழு அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் எடுத்தால் தூக்கம் போகும். பசி கூடும், முகம் உப்பும், மனம் எரிச்சல்படும், வயிறு எரியும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரை அளவு எகிறும் என்பதால், சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் முதல் வாரமே சொல்லிவிட வேண்டும். இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எலும்புக்காகக் கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்துத் தருவார்கள். அதைச் சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒரு விதியை மட்டும் மீறவே கூடாது. ஸ்டீராய்டை, மாத்திரையானாலும் சொட்டானாலும், நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. சில வாரம் மாத்திரை விழுங்கிய உடல் தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் சோம்பிப் போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் மயக்கமும் வாந்தியும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் உயிருக்கே ஆபத்தாகலாம். சொட்டை நிறுத்தினால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அடங்கிய அழற்சி முன்னிலும் வேகமாகத் திரும்பும். ஊருக்குப் போகும்போது மருந்து தீர்ந்துவிடாமல் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைக் குறைக்கும்போதெல்லாம் அழற்சி திரும்பினால், அல்லது மூன்று மாதமாகியும் நாளொன்றுக்கு 7.5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்க முடியாவிட்டால், ஸ்டீராய்டுக்கு மாற்றாக, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளான மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோஃபினோலேட், அசதயோபிரின் போன்றவற்றைத் தொடங்குவார்கள். இவை வேலை செய்ய வாரங்கள், சில நேரம் மாதங்கள் பிடிக்கும். அதுவரை ஸ்டீராய்டு உடன் ஓடும். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே எடுக்கும் மருந்து. தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு விழுங்கினால் இரத்த அணுக்கள் சரிந்து உயிர் போகும் அளவுக்கு ஆகிவிடும். எந்தக் கிழமை என்று முடிவு செய்து, அந்தக் கிழமையின் பெயரை அட்டையின் மேல் எழுதி, அதை மற்ற மாத்திரைகளோடு கலக்காமல் தனி டப்பாவில் வையுங்கள். மருந்துக் கடைக்காரரோ வேறு மருத்துவமனைச் செவிலியரோ தினமும் என்று சொன்னாலும், சீட்டை எடுத்துக் காட்டி மறுத்துவிடுங்கள். இதோடு ஃபோலிக் அமிலம் தருவார்கள், குறிப்பிட்ட இடைவெளியில் இரத்த அணுக்களும் கல்லீரலும் பரிசோதிக்கப்பட வேண்டும், மது கூடாது. மெத்தோட்ரெக்ஸேட்டும் மைக்கோஃபினோலேட்டும் கருவைச் சிதைக்கும் என்பதால், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். இம்மருந்துகளின்போது காய்ச்சல் வந்தாலோ வாய் புண்ணானாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். உயிருள்ள கிருமிகளால் ஆன தடுப்பூசிகளையும் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

அடலிமுமாப் என்ற ஊசியைப் பற்றியும் காதில் விழும். தொற்றல்லாத இடைநிலை, பின்புற, முழுவிழி வகைகளுக்கு அமெரிக்காவில் 2016-ல் ஒப்புதல் பெற்றது. இந்தியத் தயாரிப்புகளும் கிடைக்கின்றன, ஆனாலும் செலவு கூடுதலே. உறங்கும் காசநோயை எழுப்பிவிடக் கூடியது என்பதால் அந்தச் சோதனை முடியாமல் போட மாட்டார்கள். முதல் மூன்று மாதத்தில் பெரும்பாலோருக்கு இந்தக் கட்டம் வராது.

ஒரு கோப்பு, ஒரு மருத்துவர்

ஸ்லிட் லேம்ப் கருவியில் 1 மில்லிமீட்டர் ஒளிக்கற்றையை விழியின் முன்னறைக்குள் செலுத்தி, அதில் மிதக்கும் அழற்சி அணுக்களை எண்ணி, 0.5+, 1+, 2+ என்று 4+ வரை குறிப்பார்கள். ஓர் அணுவும் தெரியாவிட்டால் 0. நீங்கள் கண்ணாடியில் பார்க்கும் சிவப்பு போய்விட்ட பின்னும் இந்த அணுக்கள் உள்ளே இருக்கலாம். வலி போனது, சிவப்பு போனது, ஆகவே நோய் போனது என்று நினைப்பதுதான் இந்நோயில் பார்வை இழப்பதற்கான நேர்வழி என்பது என் உறுதியான கருத்து. எனவே ஒவ்வொரு முறையும் மூன்று எண்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: அணுக்களின் அளவு, பார்வை அளவு, கண் அழுத்தம். அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும். ஸ்டீராய்டு சொட்டு சிலருக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் இதை உயர்த்திப் பார்வை நரம்பைக் கெடுக்கும். கண்புரையும் முன்கூட்டியே வரலாம். புரை வந்தாலும் உடனே அறுவை சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டாம். கண் குறைந்தது மூன்று மாதம் அமைதியாக இருந்த பின்பே செய்வது வழக்கம்.

பழைய சீட்டுகள், ஸ்கேன்கள், இரத்த அறிக்கைகள் அனைத்தையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் வைத்து, கைபேசியிலும் படமெடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மாறுவதில் தவறில்லை, கோப்பில்லாமல் மாறுவதுதான் தவறு. புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார், அதற்கும் காசு நீங்கள்தான் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர் மருத்துவர் பெரிய இடத்துக்குப் போகச் சொன்னால், யுவியைட்டிஸுக்கென்று தனிப்பிரிவு உள்ள இடமாகத் தேடிப் போங்கள். மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் அப்படி உண்டு. செலவு தாங்காதவர்கள் 1819-லிருந்து இயங்கிவரும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ, பக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், உங்கள் சிகிச்சையில் எது எது அதில் அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உணவில் பத்தியம் எதுவும் இல்லை. கைபேசி பார்த்ததாலோ கணினியில் வேலை செய்ததாலோ இந்நோய் வருவதில்லை. புகைப்பதை விட்டுவிடுவது நல்லது.

மறுபடி வந்தால்

சிலருக்கு ஒரே முறையோடு போய்விடும். சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்து மீண்டும் வரும். குறிப்பாக எச்எல்ஏ பி27 உள்ளவர்களுக்கு ஒரு முறை வலக்கண், மறுமுறை இடக்கண் என்று மாறி மாறி வருவதுண்டு. இரண்டாம் முறை அதன் முதல் அடையாளத்தை நீங்களே உணர்வீர்கள்: டியூப்லைட் வெளிச்சம் காரணமின்றிக் கூசும், நல்ல கண்ணை மூடிப் பார்த்தால் எதிர்ச்சுவரின் நாட்காட்டி எழுத்து கலங்கும். அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் போய்விடுங்கள். பார்வை திடீரென்று இறங்கினால், புதிதாகப் புள்ளிகள் கூட்டமாகக் கொட்டி மின்னல் வெட்டினால், ஓரத்திலிருந்து திரை மூடுவதுபோல் இருந்தால், வாந்தியோடு கடும் வலி வந்தால் இரவானாலும் காத்திருக்க வேண்டாம்.

போன முறை மிச்சமான ஸ்டீராய்டு புட்டியைத் தேடி எடுத்து நீங்களாக விடவோ, மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கி விடவோ கூடாது. இம்முறை வந்திருப்பது கருவிழியில் ஹெர்பீஸ் புண்ணாக இருந்தால் அதே சொட்டு புண்ணைப் பெரிதாக்கிக் கருவிழியையே கெடுத்துவிடும். யுவியைட்டிஸே ஆனாலும், பாதி மருந்து விட்டுக்கொண்டு போன கண்ணில் அணுக்கள் குறைந்து காணப்பட்டு, மருத்துவர் நோயின் உண்மையான கடுமையைக் கணிக்க முடியாமல் போகும். கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, நீங்களாக ஒரு சொட்டு மருந்தும் விட்டுக்கொள்ளாமல் போங்கள். பாப்பாவை விரித்துப் பரிசோதிப்பார்கள் என்பதால், திரும்ப வீட்டுக்கு அழைத்துவர ஒருவரையும் உடன் கூட்டிச் செல்லுங்கள்.